சுவரில் பூத்த பழி

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். திருக்கோவிலூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் என் அக்கா, பட்டுப்புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் இருந்த புடவையின் மடிப்பில் கரும்புள்ளிகள். பீரோவை நகர்த்திப் பார்த்தால், அதன் முதுகு முழுக்க வெண்சாம்பல் பூசியதுபோல் ஏதோ படிந்திருந்தது. பின்னால் சுவரில், ஏ.சி.க்கு நேர் கீழே, ஒரு முறம் அகலத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் உதிர்ந்தது. சின்ன மகளின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. இரண்டு மாதமாக அவளுக்கு இரவில் இருமல். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலைக்குள் நான்கு பேர் அக்காவிடம் கேள்வி கேட்டார்கள். மாமியார் கேட்டார்: "வூட்ட தொடச்சி கிடச்சி வெச்சாத்தான? எந்நேரமும் கதவ சாத்திக்கினு கெடந்தா சொவுரு இப்டித்தான் ஆவும்." மாமா கேட்டார்: "பகலெல்லாம் நீதான வீட்ல இருக்க, பாக்க மாட்டியா?" வீட்டு உரிமையாளர் போனில் கேட்டார்: "ஈரத்துணிய ரூமுக்குள்ள காயப் போடுவீங்களாம்மா?" ஏ.சி. பார்க்க வந்த மெக்கானிக் கேட்டார்: "ஃபில்டர கழுவறதே இல்லையா மேடம்?"

நான்கு கேள்விக்கும் எழுவாய் ஒன்றுதான். நீ.

மறுவாரம் வேறொரு மெக்கானிக் வந்து இன்டோர் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் பைப், சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். இங்கே அது மேல்நோக்கி ஏறியிருந்தது. மேட்டில் தண்ணீர் ஏறுமா? தேங்கிய நீரில் பாசி கட்டி பைப் அடைத்துக்கொண்டது. டிரே நிரம்பி, யூனிட்டின் பின்புறமாக வழிந்து, சித்திரையிலிருந்து சுவருக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபில்டரைத் தினம் கழுவியிருந்தாலும், தரையைத் தினம் மூன்று முறை துடைத்திருந்தாலும் அந்தச் சுவர் நனைந்தே இருக்கும். அந்தத் துளையை யார் போட்டது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சுவர் நனைந்தால் விரல் ஏன் பெண்ணை நோக்கி நீள்கிறது? இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

ரேழியும் மழையும்

திருக்கோவிலூரின் புகழ்பெற்ற கதை ஒரு மழை இரவில் நடக்கிறது. பெருமழைக்கு ஒதுங்கிய பொய்கையாழ்வார், மிருகண்டு முனிவரின் குடிலில் ஒரு சிறிய இடைகழியில் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இருவரும் உட்காருகிறார்கள். பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று மூவரும் நிற்கிறார்கள். நான்காவதாக யாரோ நெருக்குகிறார்கள். அது பெருமாள் என்று உணர்ந்து மூவரும் பாடியவைதான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதல் மூன்று திருவந்தாதிகள் என்பது வைணவ மரபு.

இடைகழி என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது. திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடையில் இருக்கும் நடை. காற்று அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போகும். மழைக்காலத்தில் ஈரக் காலும் ஈரக் குடையும் முதலில் வந்து நிற்கும் இடமும் அதுதான். கதையைச் சிறுவயதில் கேட்டபோது எனக்கு எழாத ஒரு கேள்வி இப்போது எழுகிறது. விடிந்ததும் அந்தச் சேற்று ரேழியைத் துடைத்தது யார்? கதையில் அதற்கு ஆள் இல்லை.

ஊரின் கல்லிலும் இல்லை. கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மலையமான் குலத்தில் பிறந்து சுந்தர சோழனை மணந்த வானவன் மாதேவி, கணவன் இறந்தபோது பச்சிளம் குழந்தையை விட்டுவிட்டு உடன் மாய்ந்ததை அது புகழ்கிறது. அவள் இராசராசனின் தாய். எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி கோயில் சுவரில் ஏறுவதற்கு உடன்கட்டை ஏற வேண்டியிருந்தது. வீட்டுச் சுவரை ஆண்டு முழுக்கக் காத்தவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. மண் சுவரில் போன ஆண்டின் பூச்சை இந்த ஆண்டின் பூச்சு மூடிவிடும்.

பூஞ்சணத்தை அறிந்தவர்கள்

தமிழில் பூஞ்சணம் 'பிடிக்கும்', 'பூக்கும்'. ஊறுகாயில் பூத்தால் உப்பு போதவில்லை. வடகத்தில் பூத்தால் வெயில் போதவில்லை. அரிசியில் கட்டி தட்டினால் குதிரின் அடியில் ஈரம். ஈரம் எங்கே தங்குகிறதோ அங்கேதான் பூஞ்சணம் வரும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. உப்பு, எண்ணெய், வெயில், புகை என்ற நான்கையும் வைத்து அவர்கள் ஓர் ஆண்டுக்கான உணவைக் காப்பாற்றினார்கள். புடவைப் பெட்டிக்குள் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்தார்கள். மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் பெட்டியைக் காலிசெய்து வெயில் காட்டினார்கள்.

சுவருக்கும் முறை இருந்தது. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதை நாம் பண்டிகை அலங்காரமாக மட்டும் நினைக்கிறோம். நீர்த்த சுண்ணாம்பு கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் பூஞ்சை வேர்பிடிப்பது கடினம். மேலும், மண்ணும் சுண்ணாம்பும் பூசிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் திரும்ப விட்டுவிடும். நாட்டு ஓட்டின் இடுக்கு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் சூடான காற்று மேலேறிப் போகும். மார்கழி ஈரம் தைக்குள் காய்ந்துவிடும்.

இதைச் சொல்லும்போது பழைய வீட்டை ஏக்கத்தோடு பார்க்கும் ஆசை வருகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. அந்த வீடு சும்மா காயவில்லை. சாணம் கரைத்து மெழுகியது, மண் குழைத்துப் பூசியது, சுண்ணாம்பு அடித்தது, அடுப்புப் புகையை ஆயுள் முழுக்க உள்ளே இழுத்தது எல்லாம் உடம்புகள். பெரும்பாலும் பெண் உடம்புகள். வசதியான வீடுகளில் அந்த வேலையைக் கூலிக்கோ, கூலியில்லாமலோ செய்தவர்கள் சேரியிலிருந்து வந்த பெண்கள். அவர்களுடைய சொந்தக் குடிசைக்கு முற்றமும் இல்லை, நாட்டு ஓடும் இல்லை. மழை வந்தால் கூரையும் தரையும் சேர்ந்து நனையும். மாதவிலக்கென்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்ததும் வீட்டின் பின்கட்டு மூலைதான். காற்றும் வெளிச்சமும் குறைந்த, ஓதம் ஏறிய மூலை.

அறிவு அவர்களிடம் இருந்தது. வீட்டை எங்கே கட்டுவது, சன்னல் எங்கே வைப்பது என்ற முடிவு அவர்களிடம் இல்லை. இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

சுவர் மாறியது

கடந்த ஐம்பது ஆண்டுகளில் எங்கள் பக்கத்து வீடுகள் மண்ணிலிருந்து சிமெண்டுக்கு மாறின. 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. தீப்பிடிக்காத, பாம்பு நுழையாத, ஆண்டுதோறும் கூரை மாற்ற வேண்டாத வீடு பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கூரை வீட்டில் வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

ஆனால், சிமெண்ட் சுவரின் குணம் வேறு. அதன்மேல் புட்டி தேய்த்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தால், சுவருக்கு மெல்லிய பிளாஸ்டிக் சட்டை போட்டதுபோல் ஆகிவிடும். பைப் கசிவோ மொட்டைமாடிக் கசிவோ உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. பெயிண்டுக்குப் பின்னால் தங்கி, ஒருநாள் கொப்பளமாக வெளிப்படும். முற்றம் போனது. மனை சுருங்கியதால் பக்கத்து வீட்டுச் சுவர் சன்னலை அடைத்தது. இப்படி அடைபட்ட அறையின் சித்திரை வெக்கைக்கு மருந்தாகத்தான் ஏ.சி. வந்தது.

குளிர் யாருக்காக வந்தது

குளிர்ச்சியின் வரலாறும் உழைப்பின் வரலாறுதான். வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் உத்தரத்தில் தொங்கிய துணி விசிறியை, வெளியே உட்கார்ந்து கயிற்றால் இழுக்க ஆட்கள் இருந்தார்கள். உள்ளே தூங்குபவருக்குக் காற்று, வெளியே இழுப்பவருக்கு வியர்வை. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர் அனுப்பிய பனிக்கட்டி கல்கத்தா வந்து சேர்ந்தது. அடுத்து சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம்.

அந்தக் கட்டடத்துக்கு நம் வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் டியூடரின் வணிகம் படுத்தது. கட்டடம் கைமாறியது. குளிரைப் பூட்டி வைக்கக் கட்டிய கட்டடத்தில் மனிதர் வாழ, புதிதாகத் தாழ்வாரங்கள் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அரசு அதை வாங்கி, சகோதரி சுப்புலட்சுமி பொறுப்பில் பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதியாக்கியது. சுப்புலட்சுமி தாமே குழந்தை விதவை. 1911-இல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் ஆனவர். வீட்டின் இருட்டறையில் முடங்க வேண்டியிருந்த சிறுமிகள் கடற்காற்று வீசும் மாடியில் உட்கார்ந்து படித்தார்கள். அந்தக் கதவு ஒரு சாதிப் பெண்களுக்கே திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும், காற்றும் வெளிச்சமும் உள்ள அறை ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏ.சி. இயந்திரம் பிறந்தது மனிதருக்காகக்கூட அல்ல, காகிதத்துக்காக. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால், ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. காற்றின் ஈரத்தைக் குறைக்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் ஓர் இயந்திரம் வடிவமைத்தார். குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்றைச் செலுத்தினால், காற்றில் இருக்கும் நீர், சில்லென்ற சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் சுருளில் துளித்து இறங்கிவிடும். இன்று நம் சுவரில் தொங்கும் இன்டோர் யூனிட்டும் இதையேதான் செய்கிறது. புழுக்கமான இரவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் சேரும். அது சொட்டி டிரேயில் விழுந்து, சரிவான பைப் வழியே வெளியே போக வேண்டும். ஏ.சி. என்பது பாதி காற்று எந்திரம், பாதி தண்ணீர் எந்திரம். வாங்கும்போது டன் எவ்வளவு, நட்சத்திரம் எத்தனை என்று கேட்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பதில்லை.

ரிமோட் யார் கையில் என்பதும் ஒரு கேள்வி. அலுவலகங்களின் குளிர் அளவைத் தீர்மானித்த பழைய சூத்திரம், 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் வெப்பத்தை அளவாகக் கொண்டது. பெண்ணுடல் உண்டாக்கும் வெப்பத்தை இது 35 விழுக்காடு வரை கூடுதலாக மதிப்பிடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் எழுதினார்கள். அலுவலகத்தில் பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? வீட்டிலும் அறையை 18-இல் வைத்தால், சுவர் மிகவும் குளிர்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரக்காற்று அதில் வியர்க்கும். கசிவே இல்லாமலும் பூஞ்சணத்துக்கு வழி பிறக்கும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஏ.சி.கள் தொடக்க நிலையில் 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்ற விதி மின்சாரச் சிக்கனத்துக்காக வந்தது. சுவருக்கும் அது நல்லதுதான்.

"உனக்குத்தான் என்னமோ"

காற்று கெட்டால் முதலில் உணர்வது அதற்குள் அதிக நேரம் இருப்பவர். அவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அலுவலகக் கட்டடங்கள் மின்செலவைக் குறைக்க வெளிக்காற்றைக் குறைத்தன. சன்னல் திறக்க முடியாத, ஏ.சி. மட்டுமே உள்ள அந்தக் கூடங்களில் தட்டச்சு செய்தவர்களும் கோப்பு அடுக்கியவர்களும் பெரும்பாலும் பெண்கள். தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று அவர்கள் சொன்னபோது, கூட்டு மனப்பிரமை என்று விளக்கம் சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். அதே 1973-இல் பாஸ்டனில் தொடங்கிய '9 டு 5' போன்ற பெண் ஊழியர் அமைப்புகள், அலுவலக வேலையும் உடலைக் கெடுக்கும் என்பதை ஒரு தொழிலாளர் பிரச்சினையாகப் பேசின. பெண்கள் தங்கள் அறிகுறிகளைத் தாங்களே குறித்து, பக்கத்து மேசைக்காரியின் குறிப்போடு ஒப்பிட்டார்கள். 1980-களில் 'நோயுற்ற கட்டடம்' என்ற சொல் மருத்துவத்துக்குள் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாஷிங்டன் தலைமை அலுவலகத்திலேயே ஊழியர்கள் இப்படி நோயுற்றார்கள். மிஷல் மர்ஃபி என்ற பெண்ணிய வரலாற்றாசிரியர் 2006-இல் இந்த வரலாற்றை ஒரு நூலாக எழுதினார்.

இங்கிலாந்தின் ரோச்டேலில் நடந்தது இதைவிடக் கொடியது. சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், தங்கள் வாடகைக் குடியிருப்பில் பூஞ்சணம் இருப்பதாக 2017-இல் முறையிட்டது. மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையே காரணம் என்று வீட்டு நிர்வாகம் கருதிக்கொண்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிரம்பிய சில நாளில், அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். நீண்ட காலம் பூஞ்சணக் காற்றைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை முடிவு சொன்னது. வாழ்க்கைமுறை பற்றிய தங்கள் ஊகம் தவறு என்று நிர்வாகம் பிறகு ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரால் 2023-இல் சட்டம் வந்தது. ஓதமும் பூஞ்சணமும் பற்றிய முறையீட்டை வீட்டு உரிமையாளர் குறித்த காலத்துக்குள் கவனித்தே ஆக வேண்டும் என்கிறது அது.

ரோச்டேலில் கேட்டதும் திருக்கோவிலூரில் கேட்டதும் ஒரே கேள்விதான். 'நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?' சுவரைப் பற்றிய கேள்வி வருவதற்குள் அங்கே ஓர் உயிர் போய்விட்டது.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை கூடுதலாக இருக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. குழந்தைக்கு இருமல் வந்தால் அம்மா ஐஸ்கிரீம் கொடுத்தாளா என்று கேட்கும் நாம், கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கப் பழக வேண்டும்.

ஆற்றங்கரைக் கணக்கு

ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் ஓதம் வரும், இன்னும் மோசமாக. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டது. திருக்கோவிலூர் தொடங்கி விழுப்புரம், கடலூர் வரை கரையோர ஊர்கள் பாதிக்கப்பட்டன. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். இடிந்த குடிசைக்கு, மூழ்கிய பயிருக்கு, செத்த மாட்டுக்கு எனத் தனித்தனிக் கணக்கு இருந்தது. வடிந்த சேற்றை வாரி, பாயையும் புத்தகத்தையும் வெயிலில் பரப்பி, பூஞ்சணம் ஏறிய சுவரை வாரக்கணக்கில் சுரண்டிய வேலைக்கு அந்தப் பட்டியலில் பத்தி இல்லை.

2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்குள் வந்த புதிய கருவிகள் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலையைக் குறைத்தன, அம்மாவின் வேலையைக் குறைக்கவில்லை என்று காட்டினார். விறகு வெட்டுவது ஒழிந்தது, அடுப்பைப் பளபளப்பாக வைக்கும் வேலை சேர்ந்தது. ஏ.சி.யும் அப்படித்தான். கயிறு இழுப்பவர் போய்விட்டார். ஃபில்டர் கழுவுவது, சொட்டும் நீருக்கு வாளி வைப்பது, சுவரைக் கண்காணிப்பது என்ற புதிய வேலை, யாரும் சொல்லாமலே பெண் பெயரில் எழுதப்பட்டது.

சுவரைக் கேள்வி கேட்பது

ஆகவே, உங்கள் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் கண்டால், துடைக்கும் துணியை எடுக்கும் முன் கேள்வியை எடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏ.சி. ஓடும்போது வெளியே பைப்பில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். புழுக்கமான நாளில் வெளியே சொட்டவில்லை என்றால் உள்ளே எங்கோ வழிகிறது. ஏ.சி.யை நிறுத்தி, டிரேயையும் பைப்பையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக் போகும் முன் டிரேயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது வெளியே வருகிறதா என்று நின்று பாருங்கள். கசிவு நிற்காமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் வராது.

சுரண்டும்போது மூக்கை மூடும் நல்ல முகக்கவசம் அணியுங்கள். இடத்தை ஈரப்படுத்திவிட்டுச் சுரண்டுங்கள், காய்ந்ததைச் சுரண்டினால் பூஞ்சைத் தூள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீர் பெரும்பாலும் போதும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். ஆஸ்துமா உள்ளவரும் குழந்தைகளும் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். கறை ஒரு கதவின் பாதி அளவுக்கு மேல் பரவியிருந்தால், அது ஒருத்தி தனியாகச் செய்யும் வேலையே அல்ல.

வாடகை வீடென்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தை நினைவில் வையுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குடியிருப்பவரால் வந்த சேதம் தவிர்த்த கட்டுமானப் பழுதும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், பைப் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துத் தருகிறது. படம் எடுங்கள், தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். ஓரிடத்தில் எழுதி வைத்தால்தான் பெண் சொன்னது சாட்சியாகும் என்பதை அந்தத் தட்டச்சுப் பெண்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அக்கா அப்படித்தான் செய்தாள். உரிமையாளர் முனகினார், பிறகு பைப்புக்கும் பூச்சுக்கும் ஆன செலவை இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். துளையைச் சரிவாக மறுபடி போட்டார்கள். மூன்றடிக்குப் பூச்சைப் பெயர்த்து, ஒரு மாதம் சுவரைக் காயவிட்டார்கள். ஏ.சி. ஓடவில்லை, மகளின் கட்டில் முன்னறைக்கு வந்தது. சுவரைச் சுரண்டும் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் முகக்கவசம் கட்டிக்கொண்டு நின்றார். காய்ந்த இடத்தில் புட்டி வேண்டாம், சுண்ணாம்பு அடிக்கலாம் என்று சொன்னது மாமியார்.

அவரே தன் வீட்டிலிருந்து வசம்பு கொண்டுவந்து, புடவைகளை வெயிலில் உதறிக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொன்னாராம்: "அந்தக் காலத்துல அடுப்பங்கர சொவுரு கருத்துப் போச்சுன்னு எங்க மாமியா என்னத்தான் வைவாங்க. பொகபோக்கி வெக்காதது எங்க மாமனாரு. அத யாரும் கேக்கல. நானும் கேக்கல."

மகளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பட்டுப்புடவையில் ஐந்தாறு புள்ளிகள் போகவே இல்லை. அந்த மடிப்பை உள்பக்கமாக வைத்து அக்கா கட்டிக்கொள்கிறாள்.